விதையிலிருந்து மறு விதை வரை: சிறு குழந்தைகளுக்கு வாழ்க்கைச் சுழற்சியைக் கற்பிக்கும் முறை

முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி என்று நான்கு படங்களை வட்டமாக ஒட்டி, நடுவில் அம்புக்குறி போட்டுவிட்டால் பாடம் முடிந்ததாக நினைக்கிறோம். அந்தப் படத்தைப் பார்த்த ஐந்து வயதுக் குழந்தையிடம் "பட்டாம்பூச்சிக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். "திரும்ப முட்டையா மாறிடும்" என்று பதில் வரலாம். குழந்தையைக் குறை சொல்ல முடியாது, அம்புக்குறி அப்படித்தான் காட்டுகிறது. ஆனால் முட்டையாக மாறுவது வேறு, முட்டை இடுவது வேறு. வட்டத்தின் தொடக்கத்தில் இருந்த முட்டையும் முடிவில் வரும் முட்டையும் ஒரே உயிர் அல்ல. இது பிடிபடாமல் நிலைகளின் பெயர்களை வரிசையாக ஒப்பிப்பதால் பெரிய பயன் இல்லை.

ஆகவே பத்து உயிர்களைப் பற்றி மேலோட்டமாகச் சொல்வதைவிட, ஒரு செடியையும் ஒரு பூச்சியையும் எடுத்துக்கொண்டு, அடுத்த தலைமுறை தொடங்கும்வரை விடாமல் பார்ப்பது நல்லது. இதற்குப் பத்து முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். தினமும் ஐந்து, பத்து நிமிடம் போதும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்குச் செடி மட்டும் போதும். ஐந்து, ஆறு வயதில் பூச்சியையும் சேர்க்கலாம். ஏழு வயதுக்கு மேல் அளப்பது, ஒப்பிடுவது, "இப்படிச் செய்யாவிட்டால் என்ன ஆகும்?" என்று சோதிப்பது எல்லாம் சாத்தியம்.

எந்த விதை?

பயறு, அவரை வகைகள்தான் முதல் தேர்வு. விதை கையில் பிடிக்கும் அளவு இருக்கும், சீக்கிரம் முளைக்கும். பூ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்த்துவிடும், தேனீ வந்தே தீர வேண்டும் என்பதில்லை. பூசணி, பாகல் போன்றவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி. சன்னலோரத் தொட்டியில் வைத்தால் பூ பூவாக உதிரும், காய் பிடிக்காது. கடுகு இரண்டு நாளில் முளைக்கும், உண்மைதான். ஆனால் முளையோடு நிறுத்திவிடத் தூண்டும் விதை அது.

வெப்பமான பருவத்தில் பாசிப்பயறு நன்றாக வரும். ஊறவைத்த ஒன்றிரண்டு நாளில் வேர் எட்டிப் பார்க்கும், ஏறக்குறைய 35–40 நாளில் பூ, 60–75 நாளில் காய்ந்த நெற்று. குளிர்ந்த பருவமானால் பட்டாணி போடுங்கள். ஒரு வித்தியாசத்தை மட்டும் முன்பே தெரிந்துகொள்ளுங்கள்: பாசிப்பயறில் பருத்த வித்திலைகள் (முளைக்கு உணவு வைத்திருக்கும் விதையின் இரு பாதிகள்) இரண்டும் மண்ணுக்கு மேலே வரும், பட்டாணியில் அவை மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும். படத்தில் இருப்பதுபோல் வரவில்லையே என்று குழந்தை கேட்கும்போது நீங்கள் திணறக் கூடாது.

சில விதைகளைக் குழந்தைகள் பக்கமே கொண்டுவராதீர்கள். ஆமணக்கும் குன்றிமணியும் கடும் நச்சு. குன்றிமணி பார்க்க அழகாக இருப்பதால் ஆபத்து இன்னும் அதிகம். விதைப்புக்கென்று விற்கும் சில விதைகளில் இளஞ்சிவப்பு, நீலம் என்று சாயம் ஏறியிருக்கும். அது பூஞ்சைக்கொல்லி மருந்து, கையால் தொடவும் வேண்டாம். மூன்று வயதுக்கும் கீழே உள்ளவர்கள் கூட்டத்தில் இருந்தால் விதைகளை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குங்கள். மூக்கிலோ காதிலோ போன பயறு ஈரத்தில் ஊறி உப்பும், எடுப்பது சிரமம்.

முதல் நாள் வேலைகள்

1. இருபது விதைகளை இரவே தண்ணீரில் போடுங்கள். எட்டு மணி நேரம் போதும், பன்னிரண்டைத் தாண்ட வேண்டாம். விதைக்கும் மூச்சு விட வேண்டும், நீரில் மூழ்கியே கிடந்தால் அழுகும். ஊறாத விதை ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடச் சொல்லுங்கள்.

2. பெரிய அவரை விதை ஒன்றையும் கூடவே ஊறவைத்துக்கொள்ளுங்கள், பிரித்துப் பார்க்க அதுதான் வசதி. நகத்தால் தோலை உரித்து, இரண்டு பாதிகளையும் மெல்லப் பிரித்தால் ஓரமாக ஒரு சிறிய முளை ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கம் கூர்மையான முளைவேர். மறு பக்கம் மடித்து வைத்த இரண்டு குட்டி இலைகள், நரம்புகள்கூடத் தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடி வழியாகப் பார்த்த குழந்தை "விதைக்குள்ளே ஏற்கெனவே இலை இருக்கு!" என்று கத்தும். விதை உயிரில்லாத கல் அல்ல என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது.

3. நேரான பக்கங்கள் உள்ள கண்ணாடிக் குவளை ஒன்றை எடுங்கள். மை ஒற்றும் தாள் அல்லது கெட்டியான துடைப்புத்தாளைச் சுருட்டி உள்பக்கச் சுவரோடு ஒட்டி வையுங்கள். தாள் சரியாமலிருக்க நடுவில் பஞ்சோ கசக்கிய தாளோ திணியுங்கள். தாளுக்கும் கண்ணாடிக்கும் இடையில், பாதி உயரத்தில், நான்கைந்து விதைகளை இடைவெளி விட்டுச் செருகுங்கள். அடியில் ஒரு சென்டிமீட்டர் உயரம் தண்ணீர். தாள் அதை உறிஞ்சி மேலேற்றும். விதை தண்ணீரைத் தொடக் கூடாது.

4. அதே நாளில் தொட்டியிலும் விதையுங்கள். பலரும் இதை விட்டுவிட்டு, குவளையில் வளர்ந்த செடியைப் பிறகு மண்ணுக்கு மாற்றுகிறார்கள். தாளில் பின்னிய வேர் அறுந்து செடி துவண்டுவிடும், குழந்தை அழும். குவளை பார்ப்பதற்கு, தொட்டி வளர்ப்பதற்கு. தொட்டி 20–25 சென்டிமீட்டர் அகலம், அடியில் ஓட்டை, இரண்டு பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மக்கிய உரம். இரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் மூன்று விதைகள். வளர்ந்தபின் திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றதைக் கத்தரித்துவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும்.

5. பெரிய குழந்தைகளானால் இன்னொரு குவளை: ஒன்று வேகவைத்த விதை, ஒன்று இரண்டாக உடைத்த விதை, ஒன்று முழு விதை. எது முளைக்கும் என்று முன்கூட்டியே எல்லாரும் சொல்லட்டும், பெயரோடு எழுதி ஒட்டுங்கள். உடைத்த விதையில் முளை சிதைந்திருக்கும் அல்லது உணவில் பாதி போயிருக்கும். வேகவைத்ததில் உயிரே போய்விட்டது.

வேர் இரண்டு சென்டிமீட்டர் நீண்டதும் ஒரு வேடிக்கை செய்யலாம். குவளையில் உள்ள ஒரு விதையை மட்டும் தலைகீழாகத் திருப்பி வையுங்கள். ஓரிரு நாளில் வேர் நுனி வளைந்து மறுபடி கீழே திரும்பும். எந்தப் பக்கம் திருப்பினாலும் விதைக்குக் கீழ் எதுவென்று தெரிகிறது என்பது பெரியவர்களுக்கே வியப்பாக இருக்கும்.

என்ன தவறும், ஏன்?

விதை மேல் வெண்பஞ்சு போலப் பூஞ்சை வந்தால் தண்ணீர் அதிகம், காற்று குறைவு. அந்த விதையை மட்டும் எடுத்துவிட்டுத் தாளை மாற்றுங்கள். நாற்று வெளுத்து, ஒல்லியாக நீண்டு சாய்ந்தால் வெளிச்சம் போதவில்லை. தொட்டிக்கு நாளைக்கு ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும். தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் கறுத்து, ஒடிந்து விழுந்தால் மண் எப்போதும் சொதசொதவென்று இருந்திருக்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் குழந்தைகள் இருக்கும் இடத்தில் அதிகம் நடப்பது. தண்ணீர் ஊற்ற எல்லாருக்கும் ஆசை. ஊற்றாதே என்று தடுப்பதைவிட, சிறிய கோப்பை ஒன்றை அளவாக வைத்து, நாளுக்கு ஒரு பிள்ளை என்று முறை போடுங்கள். ஊற்றுமுன் விரலை முதல் கணு வரை மண்ணில் விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்றுவது இல்லை. அன்றைய பிள்ளையின் வேலை, செடியை உற்றுப் பார்த்துப் புதிதாக ஒன்றைச் சொல்வது.

இரண்டு வாரத்தில் குவளைச் செடி மஞ்சளடிக்கத் தொடங்கும், தொட்டிச் செடி செழிப்பாக இருக்கும். தோல்வி என்று குவளையைத் தூக்கிப் போடாதீர்கள். வித்திலைகள் சுருங்கி வற்றிப் போயிருப்பதைக் காட்டுங்கள். கட்டுச்சோறு தீர்ந்துவிட்டது, இனி வெயிலைக் கொண்டு இலைகள்தான் உணவு செய்ய வேண்டும், அதற்குத் தேவையான தாதுச்சத்து தாளில் இல்லை, மண்ணில் இருக்கிறது. "மண்ணைத் தின்று செடி வளர்கிறது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பின்னால் திருத்துவது கடினம்.

பூ வந்தபின் விட்டுவிடாதீர்கள்

முதல் மூன்று வாரம் எல்லாரும் ஆர்வமாக இருப்பார்கள், அப்புறம் தொட்டி மூலைக்குப் போய்விடும். பாடத்தின் முக்கியமான பகுதி அதற்கப்புறம்தான். பூ வாடும்போது அடியைப் பாருங்கள். இதழ் உதிர்ந்த இடத்தில் பச்சை நூல் போல ஒன்று நீண்டிருக்கும், அதுதான் காய். இளங்காய் ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே விதைகள் வரிசையாக நிழலாடும். அசுவினி (சாறு உறிஞ்சும் சிறு பூச்சி) மொய்த்தால் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள், மருந்து வேண்டாம்.

காய் பழுப்பாகிச் சலசலக்கும்வரை செடியிலேயே விடுங்கள். பச்சையாகப் பறித்த விதை பெரும்பாலும் முளைக்காது. மிகவும் காயவிட்டாலும் நெற்று வெடித்துச் சிதறும். எல்லா நெற்றையும் பறித்து உரித்து எண்ணச் சொல்லுங்கள். ஒரு விதை போட்டோம், இத்தனை கிடைத்தது. அதிலிருந்து மூன்றை எடுத்து மறுபடி தொட்டியில் போடுங்கள். முளை வந்த அன்று, காய்ந்து நிற்கும் தாய்ச் செடியையும் முளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இது வேறு செடி, அது இதன் அம்மா என்று குழந்தையே சொல்லும். நீங்கள் விளக்க வேண்டியதில்லை.

பட்டாம்பூச்சி

எலுமிச்சை வகைச் செடிகளின் இளந்துளிரில் முட்டையிடும் எலுமிச்சைப் பட்டாம்பூச்சியை எடுத்துக்கொள்வோம். கறிவேப்பிலையிலும் இதன் புழு வளரும். உங்கள் பகுதியில் இது இல்லையென்றால் அங்கே பொதுவாகக் காணும் இனத்தையும் அது தின்னும் செடியையும் தெரிந்துகொண்டு தொடங்குங்கள். புழு கிடைத்த செடியின் இலையைத்தான் கடைசிவரை கொடுக்க வேண்டும், வேறு இலை கொடுத்தால் பட்டினி கிடந்து சாகும்.

முட்டை வெளிர்மஞ்சள் உருண்டை, ஒரு மில்லிமீட்டர் அளவு, பெரும்பாலும் இலைக்கு ஒன்று. கிடைத்தால் முட்டையிலிருந்தே தொடங்குங்கள். வெளியில் வளர்ந்த பெரிய புழுவை எடுத்துவந்தால், அதன் உடலுக்குள் ஏற்கெனவே ஒட்டுண்ணிக் குளவியோ ஈயோ முட்டையிட்டிருக்கக் கூடும். கூட்டுப்புழுவிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் பறந்து வந்தால் அதுதான் காரணம். நடந்துவிட்டால் மறைக்க வேண்டாம், அது குளவியின் வாழ்க்கைச் சுழற்சி.

இரண்டு, மூன்று லிட்டர் கொள்ளும் டப்பா, அடியில் தாள், மேலே வலைத்துணி கட்டி ரப்பர் வளையம். பிளாஸ்டிக் மூடி போட்டால் உள்ளே வியர்த்துப் புழு நோயில் விழும். இரண்டு அல்லது மூன்று புழுக்களுக்கு மேல் வேண்டாம். இலைக்காம்பைச் சிறு குப்பித் தண்ணீரில் வைத்தால் வாடாது, ஆனால் குப்பியின் வாயைப் பஞ்சால் அடைத்தே தீர வேண்டும், இல்லாவிட்டால் புழு இறங்கி மூழ்கிவிடும். எச்சத்தைத் தினமும் தட்டிவிடுங்கள். மருந்து அடித்த செடியின் இலை ஒரே நாளில் எல்லாவற்றையும் கொன்றுவிடும், கழுவினால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

வெப்பமான காலத்தில் முட்டை மூன்று முதல் ஐந்து நாளில் பொரிக்கும். புழு இரண்டு, மூன்று வாரம் தின்னும். சிறு புழு பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இருக்கும், கடைசித் தோலுரிப்புக்குப் பிறகு பச்சையாகிவிடும். வேறு புழு வந்துவிட்டது என்று குழந்தைகள் சண்டை போடுவார்கள். தொந்தரவு செய்தால் தலைக்குப் பின்னாலிருந்து இரு கிளையாக ஒரு கொம்பு நீட்டி வாடை விடும், கடிக்காது. புழு ஒரு நாள் முழுக்க அசையாமல் இருந்தால் தோலுரிக்கத் தயாராகிறது. தொடவோ இலையிலிருந்து பிரிக்கவோ கூடாது. உடலெல்லாம் முடியுள்ள கம்பளிப்பூச்சிகளை மட்டும் எப்போதும் தவிர்த்துவிடுங்கள், அரிப்பெடுக்கும்.

பெரிதான புழு தின்பதை நிறுத்தி, நீர்த்த எச்சம் விட்டு, இங்குமங்கும் அலைந்தால் ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள். அதில் பட்டு நூலால் இடுப்பைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும், ஓரிரு நாளில் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகும். இங்கே "தூங்குது" என்று சொல்லும் பழக்கம் பலருக்கும் உண்டு. சொல்லாதீர்கள். உள்ளே புழுவின் உடலில் பெரும்பகுதி கரைந்து இறக்கையும் காலுமாகப் புதிதாக உருவாகிக்கொண்டிருக்கிறது, தூக்கத்துக்கு நேர்மாறான வேலை. "உள்ளே மாறிக்கிட்டு இருக்கு" என்றால் போதும்.

ஒன்றரை வாரம் கழித்துக் கூட்டின் தோல் கறுத்து, இறக்கையின் நிறம் தெரிந்தால் மறுநாள் காலை வெளிவரும். இறக்கை கசங்கி ஈரமாக இருக்கும். தொங்கி நின்று விரிக்க, அதன் இறக்கையைப்போல் இரண்டு மடங்கு இடம் கீழே வேண்டும். இடம் போதாமல் கீழே விழுந்தால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும். சிவப்பு நிறத் துளிகள் சொட்டினால் ரத்தமில்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு. உதவி செய்கிறேன் என்று கூட்டைப் பிரித்துவிட யாரையும் அனுமதிக்காதீர்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து வெயிலுள்ள இடத்தில் விட்டுவிடலாம்.

விட்டுவிட்டால் அடுத்த முட்டையை எப்படிப் பார்ப்பது? எலுமிச்சைச் செடித் தொட்டி ஒன்றை வெளியில் வெயிலில் வையுங்கள். ஏதாவதொரு பட்டாம்பூச்சி வந்து துளிரில் வயிற்றை வளைத்து ஒட்டிவிட்டுப் போகும். முட்டை போட்டுவிட்டுப் பறந்துவிடுகிறது, காவல் காப்பதில்லை என்பதையும் அப்போது பார்க்கலாம்.

கண்ணெதிரே முட்டை வேண்டுமானால் பட்டுப்புழுதான் சிறந்தது. அதிலிருந்து வரும் பறக்கத் தெரியாத அந்துப்பூச்சி, டப்பாவிலேயே இணைந்து சில நூறு முட்டைகள் இடும். வாய் வளராததால் அது எதையும் தின்பதில்லை, சில நாளில் இறந்துவிடும். கையில் மல்பெரி மரம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள், அந்த இலை தவிர வேறெதுவும் எடுபடாது. புழுப் பருவம் சுமார் நான்கு வாரம், கூடு கட்டிய பிறகு ஏறக்குறைய இரண்டு வாரம்.

வெட்டுக்கிளிக் குஞ்சு எப்போதாவது கண்ணில் பட்டால் தவறவிடாதீர்கள். அது கூட்டுப்புழு ஆகாமலேயே, ஒவ்வொரு தோலுரிப்பிலும் இறக்கை கொஞ்சம் கொஞ்சமாக நீண்டு பெரிதாகும். எல்லாப் பூச்சிக்கும் நான்கு நிலை என்ற எண்ணம் அத்தோடு போகும்.

எழுதுவதும் வரைவதும்

தினமும் வரையச் சொன்னால் மூன்றாம் நாளே சலித்துவிடும். வாரம் இருமுறை போதும். செடியின் உயரத்துக்குச் சமமாக ஒரு காகிதப் பட்டையை வெட்டி, தேதி போட்டு, வரிசையாக ஒட்டுங்கள். அளவுகோல் தெரியாத குழந்தைக்கும் வளர்ச்சி கண்ணில் தெரியும்.

வட்டப் படத்தைக் கடைசியில்தான் வரைய வேண்டும். முதலில் அட்டைகளை நேர்வரிசையில் அடுக்கட்டும். அம்மாச் செடிக்கு ஒரு நிறம், அதன் விதையிலிருந்து வந்த செடிக்கு வேறு நிறம். முதல் வரிசையின் காயிலிருந்து இரண்டாம் வரிசை கீழே தொடங்கும். அதன் கீழே மூன்றாவது. இப்படி இறங்கும் படியைப் பார்த்தபின் வட்டம் போட்டால் யாரும் குழம்ப மாட்டார்கள். எண்ணிய விதைகளை வைத்து ஒரு கேள்வியும் கேட்கலாம்: எல்லாமே முளைத்துக் காய்த்தால் இந்த அறை என்ன ஆகும்? பல விதைகளைப் பறவையும் எறும்பும் தின்னும், பல நாற்று வாடும், பல புழு குளவிக்குப் போகும் என்று பேச்சு தானாக நகரும்.

இடையில் ஏதாவது கண்டிப்பாகச் சாகும். "செத்துப்போச்சு" என்றே சொல்லுங்கள். தூங்குகிறது, ஊருக்குப் போய்விட்டது என்றால், அசையாத கூட்டுப்புழுவையும் செத்த புழுவையும் குழந்தை ஒன்றாக நினைக்கும். ஏன் செத்தது என்று தெரிந்தால் சொல்லுங்கள். தொட்டிக்கு வெளியே புதைத்து, இரண்டு வாரம் கழித்துத் தோண்டிப் பார்க்க விரும்பும் பிள்ளைகளும் உண்டு. தடுக்க வேண்டியதில்லை, கையைச் சோப்புப் போட்டுக் கழுவினால் சரி.

தவளையும் கோழியும்

தலைப்பிரட்டையை வீட்டிலோ வகுப்பிலோ வளர்ப்பதை முதல் முறை செய்பவர்களுக்குப் பரிந்துரைக்க முடியாது. பல இடங்களில் தவளைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. குழாய்த் தண்ணீரின் குளோரின் அவற்றைக் கொல்லும். ஒரு குளத்திலிருந்து எடுத்ததை வேறு குளத்தில் விட்டால் நோய் பரவும். வாரம் ஒருமுறை அதே குளத்துக்குக் கூட்டிப்போய், ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் முகந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடலாம். பின்னங்கால் முதலில், முன்னங்கால் பிறகு. வால் அறுந்து விழுவதில்லை, உடலுக்குள்ளேயே உறிஞ்சப்படுகிறது.

கோழி முட்டை 21 நாளில் பொரிக்கும், பார்க்க அருமையாகத்தான் இருக்கும். குஞ்சுகள் வளர ஒரு இடம் நிச்சயமாக இருந்தால் ஒழிய அடைகாப்புப் பெட்டி வாங்காதீர்கள். உணவுக்கு வாங்கும் முட்டையை ஏன் அடைகாக்க வைக்கக் கூடாது என்ற கேள்வி கட்டாயம் வரும். அவற்றில் பெரும்பாலானவை சேவல் இல்லாமல் இட்டவை, கருவுறாதவை, எத்தனை நாள் சூட்டில் வைத்தாலும் குஞ்சு வராது. மஞ்சள் கருதான் குஞ்சு என்று நினைப்பவர்களுக்கு ஒரு முட்டையைத் தட்டில் உடைத்துக் காட்டுங்கள். மஞ்சளின் மேல் கடுகளவில் ஒரு வெளிர்ப் புள்ளி தெரியும். கருவுற்றிருந்தால் குஞ்சு அந்தப் புள்ளியிலிருந்துதான் உருவாகும். மஞ்சள் முழுதும் அதற்கு உணவு, அவரையின் வித்திலைகள் செய்யும் அதே வேலை.